நாக்கு விரதம்

கெட்டுப்போன பாலில் போட்ட தேநீரை ஒரு மனிதர் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "நல்லா இருந்துச்சு" என்று வேறு சொல்லிவிட்டு எழுந்து போனால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? பாவம், பெண்டாட்டிக்குப் பயந்த மனிதர் என்று நினைப்பீர்கள். குடையக்காவும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். நினைத்துக் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டாள், அதை மறைப்பானேன்.

மகள்தான் குட்டை உடைத்தாள். ஒரு வாய் உறிஞ்சியவள் ஓடிப்போய்த் தொட்டியில் துப்பினாள்.

"ஐயே, அம்மா! பால் புளிச்சுப்போச்சு. இதையா அப்பா முழுசா குடிச்சாரு?"

குடையக்கா தன் தம்ளரை முகர்ந்து பார்த்தாள். குமட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் கணவர் கழுவிக் கவிழ்த்துவைத்திருந்த தம்ளரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒன்று புரியவில்லை என்றால் மண்டை குடைய ஆரம்பித்துவிடும். விடை கிடைக்கிற வரை சோறு இறங்காது.

அவள் வேலையே அப்படி. பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள் அறை இருக்கிறதே, அதன் பொறுப்பாளர் அவள்தான். பேருந்தில் விட்டுப்போன பை, கண்ணாடி, ஒற்றைச் செருப்பு, பல்செட்டு, எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். குடைகள்தான் அதிகம் என்பதால் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் வைத்த பெயர் குடையக்கா. ஒரு பையைத் திறந்து இரண்டு நிமிடம் கிளறினால் போதும், அது யாருடையது, எந்தத் தடத்தில் ஏறியவர், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவரா என்பது வரை சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் வீட்டுக்குள்ளேயே ஒன்று தொலைந்துபோய், அவளுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது!

அதுவும் எப்பேர்ப்பட்ட பொருள்! அவள் கணவர் ஊர்க்கோடியில் இருக்கும் சூப்புப் பொடித் தொழிற்சாலையில் சுவை பார்ப்பவர். பத்துப் பேர் ஒரு வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து, காகிதக் கப்பில் வருகிற சூப்பை வாயில் வைத்து, சுழற்றி, துப்பி, நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எழுத வேண்டும். பத்துப் பேரில் அவர்தான் மூத்தவர். தொழிற்சாலையில் அவருக்குப் பெயரே நாக்கு சார்.

நாக்கு சாருக்கு வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கல்யாணத்துக்கு முன்பே, வேலையில் சேர்ந்த அன்றே யாரோ சொன்னார்களாம்: சுவை பார்ப்பவன் நாக்கைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், பூண்டு கூடாது, மிளகு கூடாது, கசப்பு, காரம், புளிப்பு எதுவும் கூடாது என்று. அன்றிலிருந்து மனிதர் தவிடு போகத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு, வெள்ளை ரொட்டி, தோல் உரித்து அவித்த உருளைக்கிழங்கு, இவற்றைத் தவிர எதையும் தொட்டதில்லை. விடுமுறை நாளில் மட்டும் ஒரு தம்ளர் தேநீர், அதுவும் சர்க்கரை இல்லாமல். இதற்கு நாக்கு விரதம் என்று பெயர் வைத்திருந்தாள் மகள். குடையக்கா அடுப்பில் எப்போதும் இரண்டு சட்டி. ஒன்றில் அவளுக்கும் மகளுக்கும் மணக்க மணக்க ஒரு சமையல், இன்னொன்றில் அவருக்கு வெள்ளையாக ஒன்று. மணமாகி இத்தனை வருடத்தில் அவள் கைப்பக்குவம் எப்படி என்று கட்டிய கணவருக்கே தெரியாது. அதைப் பற்றி அவளுக்கு வருத்தம் உண்டு. தொழில் பக்தி என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளைச் சோற்றில் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, கிளறி, தட்டில் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் சாப்பிட்டார். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன, இன்னைக்கு ஒரு மாதிரி உட்கார்ந்திருக்க?"

"சோறு எப்படி இருக்குங்க?"

"எப்பவும் போலத்தான். நல்லா இருக்கு."

"அரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருக்கேன்."

அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"சரியா தெரியலை. ஒரு வருஷம் இருக்கும். முதல்ல இனிப்பு மங்கிச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா. சளி பிடிச்சிருக்குன்னு நினைச்சேன். சளி போச்சு, ருசி வரலை."

"அப்போ ஆபீஸ்ல எப்படி எழுதுறீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பேசக்கூடாதுன்னுதான் அங்க விதி. முகத்தை மூடிக்கணும்னு விதி இல்லையே. எதிர்ல ஒன்பது முகம் இருக்கு. உப்பு கூடினா ஒருத்தருக்குப் புருவம் ஏறும். புளிப்புன்னா இன்னொருத்தருக்குக் கன்னம் உள்ள போகும். அதைப் பார்த்து எழுதிடுவேன்."

கோபப்படுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்த மனிதருக்கு இவ்வளவு சாமர்த்தியமா என்று ஒரு பக்கம் வியப்பாகக்கூட இருந்தது. ஆனால் அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் அந்த வியப்பு ஓடிப்போயிற்று. மழைக்காலம் முடிந்ததும் வருடாந்திர நாக்குத் தேர்வு வருகிறது. ஆய்வக மேலாளரம்மா இந்த முறை தேர்வைக் கடுமையாக்கப் போகிறார்களாம். தேறாதவர் பெட்டி ஒட்டுகிற பிரிவுக்குப் போக வேண்டியதுதான்.

"எனக்கு வேற எந்த வேலையும் தெரியாது. நாக்கு சார்னு கூப்பிட்ட வாயாலயே பெட்டி சார்னு கூப்பிடுவாங்க" என்றார்.

மறுநாளே டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், ரத்தம் எடுத்துச் சோதித்தார், மூளை நரம்பில் கோளாறு ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார், பிறகு என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். நாக்கு சார் பெருமையோடு தன் விரதத்தை விவரித்தார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இத்தனை வருஷமாவா? நாக்குல இருக்கிற சுவை மொட்டு எல்லாம் அடிக்கடி உதிர்ந்து புதுசா முளைக்கிறது. முளைக்கிறதுக்குச் சரக்கு வேணுமில்ல? உங்களுக்கு இரும்புச்சத்து கம்மி. துத்தநாகம் ரொம்பக் கம்மி."

"துத்தநாகமா?" என்றாள் குடையக்கா. "அது கூரைத் தகடு துருப்பிடிக்காம இருக்கப் பூசறதாச்சே!"

"அதேதாங்க. பூசணி விதை, பருப்பு, முட்டை, மீன், தவிடு போகாத தானியம், இதிலெல்லாம் துளித்துளியா இருக்கு. அந்தத் துளி இல்லாம நாக்கு ஓடாது. சுத்தமா வெச்சுக்கிறேன்னு நாக்கைப் பட்டினி போட்டிருக்காரு உங்க வீட்டுக்காரர்." மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். "இது கொஞ்ச நாளைக்குத்தான். சாப்பாடு மாறணும். தோலோட, தவிட்டோட, முடிஞ்சா பக்கத்துல விளைஞ்சதா, பறிச்ச சூட்டோட சமைக்கப் பாருங்க. எல்லாருக்கும் முழுசா திரும்பி வரும்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் குடையக்காவுக்கு ஒரே யோசனை. பூசணிக்காயை அரிந்ததும் அவள் முதலில் செய்யும் வேலை விதையை வழித்துக் குப்பையில் போடுவது. எத்தனை நாக்குகளைக் குப்பையில் கொட்டியிருக்கிறோமோ என்று நினைத்தாள்.

ஆனால் நாக்கு சார் மசிகிற ஆளா? மாத்திரையை விழுங்கினார், சட்டி மாற மாட்டேன் என்றுவிட்டார்.

"இருக்கிற கொஞ்சநஞ்சமும் கெட்டுப்போயிடும். பூண்டு, மிளகெல்லாம் நாக்கைச் சுட்டுடும். டாக்டருக்குச் சூப்பைப் பத்தி என்ன தெரியும்?"

"சூப்பைப் பத்தித் தெரிஞ்ச நீங்க புளிச்ச பாலைக் குடிச்சீங்க."

அன்று இரவும் வெள்ளைச் சோறுதான் தின்றார். இரண்டு பேரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை, மகள்தான் நடுவில் தபால் சுமந்தாள்.

அந்த வாரக் கடைசியில் குடையக்காவின் மேசைக்கு ஒரு சாப்பாட்டு அடுக்கு வந்து சேர்ந்தது. தொழிற்சாலைத் தடத்துப் பேருந்தில் யாரோ இருக்கைக்கு அடியில் விட்டுப்போனது. சாப்பாட்டுப் பாத்திரம் வந்தால் உடனே திறந்து பார்த்துவிட வேண்டும் என்பது அந்த அறையின் வழக்கம், நாற ஆரம்பித்தால் மற்ற பொருளும் கெட்டுவிடும். மூடியைத் திறந்தாள். அப்பப்பா, என்ன மணம்! மேல் தட்டில் பூண்டு தட்டிப்போட்ட கீரை. நடுவில் மிளகு தூவிய மீன். அடியில் தோலோடு வேகவைத்த பயறு, ஓரத்தில் பச்சை வெங்காயம். மூடியின் உள்பக்கம் தொழிற்சாலையின் பெயர்ச் சீட்டு. அது சுவை பார்க்கும் அறைக்கு மட்டும் கொடுக்கிற நீல நிறச் சீட்டு. அவள் கணவரின் பையிலும் அதே சீட்டுதான் தொங்கும்.

தேடிக்கொண்டு வந்தவரைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கணவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரர். வாசனையிலேயே பாதி பதிலைச் சொல்லிவிடுவார் என்பதால் மூக்கர் என்று பெயர். மேசையிலேயே கூர்மையான நாக்கு அவருடையது என்று கணவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"வாங்கண்ணே. அடுக்கு உங்களோடதுதான். ஆனா ஒண்ணு கேட்கணும். நீங்க நாக்கு விரதம் இல்லையா?"

"என்ன விரதம்மா?"

அவள் விளக்கினாள். மூக்கர் முதலில் விழித்தார், அப்புறம் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அட, அதைச் சொல்றியா! சுவை பார்க்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி எதுவும் சாப்பிடாதேன்னுதான்மா விதி. வாயைக் கொப்புளிச்சிட்டு உட்காருன்னு விதி. ஜென்மம் பூரா உருளைக்கிழங்கு தின்னுன்னு எவன் சொன்னான்? நாங்க எல்லாரும் வீட்ல ஒரு பிடி பிடிக்கிறவங்கதான். நாக்கு சார் டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் வயித்து வலிக்காரர் போலன்னு நாங்க பேசிக்குவோம்."

பத்துப் பேரில் ஒன்பது பேர் கண்டதையும் தின்று நாக்கைக் காப்பாற்றி வைத்திருக்க, சொன்ன சொல்லைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொண்ட ஒரே மனிதர்தான் பறிகொடுத்திருக்கிறார். ஒரு மணி நேரத்து விதியை ஆயுள் முழுக்க நீட்டிக்கொண்டவரை என்னவென்று சொல்வது!

வீட்டுக்குப் போய் அவள் கத்தவில்லை. மூக்கர் சொன்னதை மட்டும் அப்படியே சொன்னாள். நாக்கு சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "உங்க சட்டியில மிச்சம் இருக்கா?" என்று கேட்டார். அவள் ஓடிப்போய்ச் சூடு பண்ணினாள். அவருக்கு ஒரு ருசியும் தெரியவில்லை, மிளகு மட்டும் நாக்கில் சுட்டது. ஆனாலும் தட்டைக் காலி செய்தார். அன்றைக்குப் பிறகு அந்த வீட்டு அடுப்பில் ஒரே சட்டிதான்.

அதற்கப்புறம் குடையக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை. தொலைந்த பொருளைக் கண்டுபிடிக்கிற வேலையல்லவா, அவள் இறங்கிவிட்டாள். ஒவ்வொரு ஓட்டுநரையும் நிறுத்தி வைத்து, "உங்க தடத்துல என்ன விளையுது?" என்று விசாரித்தாள். "எங்க தடத்துல பள்ளம்தான்கா விளையுது" என்று கிண்டலடித்தவர்கள்கூட யோசித்துப் பார்த்துச் சொன்னார்கள். இத்தனை வருடம் அவள் கடையில் வாங்கிய கேரட் குளிர்சாதன லாரியில் எங்கிருந்தோ வந்ததாம். அவளைவிட அந்தக் கேரட் அதிக ஊர் பார்த்திருந்தது.

ஒருநாள் யாரும் தேடி வராத முள்ளங்கிக் கட்டு ஒன்று மேசைக்கு வந்தது. வேரில் ஈர மண் காயவில்லை, இலை வாடவில்லை. கெடுகிற பொருளை அன்றைக்கே உரியவரிடம் சேர்க்க வேண்டும். மண் கறுப்பாக, பாசி வாடையோடு இருந்தது. தண்ணீர் தேங்குகிற இடம். இலை வாடாத தூரம். அவள் நேராகக் குடிநீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் பாத்தி பாத்தியாகப் பச்சை! அங்கே ஒரு கீரைக்காரர், ஆள் தடி, குரல் அதைவிடத் தடி.

"என் கட்டையா கொண்டாந்தீங்க? மகராசி! என் கீரையைத் தின்னு பாருங்க, வழுக்கையில முடி முளைக்கும்."

அவர் தலை பளபளவென்று மின்னியது. அவள் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"எனக்கு வேணாம்னு விட்டுட்டேன்" என்றார்.

அவர் அளப்பதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. ஆனால் கீரையில் தள்ள ஒன்றுமில்லை. முள்ளங்கி மட்டுமல்ல, அதன் இலையையும் வாங்கினாள். அடுத்த தடத்துக் கடைசி நிறுத்தத்தில் தவிட்டைச் சலிக்காமல் கோதுமை அரைத்துக் கொடுக்கிற மாவு மில் கிடைத்தது. ஏரிக்கரையில் காலையில் மீன் கிடைத்தது. நடத்துநர் ஒருவரின் அத்தை முட்டை கொடுத்தார். அவள் போகிற வழியில் இதெல்லாம் எப்போதும் இருந்திருக்கிறது. குடையைத் தேடுகிறவளுக்கு முட்டை கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அவள் சுட்ட முதல் கோதுமை ரொட்டியைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம். திடீரென்று நார்ச்சத்தைக் கண்ட நாக்கு சாரின் வயிறு ஒரு வாரம் கலகம் செய்தது. "இந்த வீட்ல விதையைக்கூட விட மாட்டேங்கறீங்க" என்று மகள் அழுதாள். பூசணி விதையை வறுத்து உப்புப் போட்டுக் கொடுத்ததும், அவளேதான் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ருசி திரும்புகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வழி நாக்கு சாரே சொன்னார். அவர்கள் தொழிலில் மூன்று கப் சோதனை என்று ஒன்று உண்டாம். இரண்டு கப்பில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. வேறு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். குடையக்கா மூன்று தம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் மட்டும் துளி சர்க்கரை கலந்து நீட்டினாள். அவர் மூன்றையும் உறிஞ்சினார்.

"நடுவுல இருக்கிறது."

சரி! மறுநாள் உப்பு. அதுவும் சரி. அதற்கு மறுநாளும் சரி. அவள் துள்ளிக் குதித்தாள், அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் பாருங்கள், படுக்கப் போகும்போது மண்டை மறுபடியும் குடைந்தது. தம்ளரில் சரியாகச் சொல்கிறவர் சாப்பாட்டில் ஏன் உப்பு இருக்கிறதா என்று இன்னமும் அவளைக் கேட்கிறார்?

அடுத்த முறை மகளை அடுக்களையில் கலக்கச் சொல்லிவிட்டு, எதில் என்ன என்று தனக்கே தெரியாமல் எடுத்து வந்து நீட்டினாள். அவர் குடித்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி குடித்தார். மறுபடி பார்த்தார். கடைசியில் சொன்னது தப்பு. இன்னொரு முறையும் தப்பு.

"என் மூஞ்சியைப் பார்த்துத்தான் இத்தனை நாளும் சொன்னீங்களா?"

"வேணும்னு பண்ணலை" என்றார் அவர், அழுகிற மாதிரி. "பழகிப்போச்சு. உன் முகம் சொல்றது காதுல விழற மாதிரி விழுது. நான் என்ன பண்ணட்டும்?"

அவளுக்கு வந்த கோபத்தில் தம்ளர் பறந்திருக்க வேண்டும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பரிதாபமாகிவிட்டது. "இனிமே நான் திரும்பிக்கிறேன். நீங்க நாக்கைக் கேளுங்க" என்றாள். அன்றிலிருந்து தினமும் மூன்று தம்ளர், அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பாள், அவர் சுவரைப் பார்த்து உட்காருவார். தினமும் தப்பு. மழை வந்தது, தேர்வு நெருங்கியது, அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவளுக்கு உள்ளுக்குள் பயம், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு மதியம் முள்ளங்கி இலையைப் பயறோடு வதக்கிப் போட்டிருந்தாள். இரண்டாவது வாயில் அவர் மெல்லுவதை நிறுத்தினார். முகம் கோணிக்கொண்டது.

"என்னங்க, கல்லா?"

"இல்ல. ஒரு மாதிரி..." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "கசக்குதுடி."

மகள் எழுந்து நின்றுவிட்டாள். "கசக்குதா? நிஜமாவா? அப்பாவுக்குக் கசக்குதாம்மா!" உலகத்தில் எந்த வீட்டிலும் ஒரு கசப்புக்கு அப்படி யாரும் கூத்தாடியிருக்க மாட்டார்கள். குடையக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கரண்டி கசப்பை அவர் தட்டில் போட்டாள்.

கசப்புக்குப் பின்னால் புளிப்பு வந்தது. உப்பு பாதி வந்தது. இனிப்புதான் கடைசியில், நின்று நின்று வந்தது. மூன்று தம்ளரில் சில நாள் சரி, சில நாள் தப்பு. அவள் கைப்பக்குவத்தை அவர் முதல்முறையாக ருசித்துவிட்டு, "நீ இவ்வளவு நல்லாவா சமைப்ப?" என்று கேட்டபோது, "இப்ப கேளுங்க, நல்லா கேளுங்க" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகத்தில் இருக்கிற சந்தோஷத்தை அவர் படித்துவிடக்கூடாது என்றுதான்.

தேர்வு நாளும் வந்தது. குடையக்கா அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தொழிற்சாலை வாசலில் போய் நின்றாள். உள்ளே பத்துப் பேரும் தேர்வுக்கு உட்கார்ந்திருந்தார்கள். நேரம் நகரவே இல்லை. ஒருவழியாகக் கதவு திறந்து ஆட்கள் கூட்டமாக வந்தார்கள். முதலில் மூக்கர்.

"அண்ணே, எப்படிண்ணே போச்சு?"

"முதல் ஏழு சுத்தும் சுமார்தான்மா. கடைசிச் சுத்து மூணு கப்பு. அதுல வேற எதுன்னு சொல்லணும். ரெண்டாவது கப்புதான்."

"ஆமா, ரெண்டாவதுதான்" என்றார் பின்னால் வந்தவர். "கொஞ்சம் உப்பு தூக்கல்." அதற்கடுத்தவரும் ரெண்டாவது என்றார். ஒன்பது பேரும் ரெண்டாவது.

நாக்கு சார் கடைசியாக, மெதுவாக நடந்து வந்தார்.

"ரெண்டாவதுன்னுதானே எழுதினீங்க?" என்று அவள் ஓடினாள்.

"இல்ல. மூணும் ஒண்ணுன்னு எழுதினேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ! ஒன்பது பேர் ரெண்டாவதுங்கறாங்க. ஒண்ணு வேறன்னு அவங்களே சொல்லித்தானே கொடுத்தாங்க?"

"சொன்னாங்க. எதிர்ல ஒருத்தருக்கு ரெண்டாவது கப்புல புருவம் ஏறிச்சு. பக்கத்துல இருக்கிறவருக்கும் ஏறிச்சு. அப்படியே மேசை முழுக்கச் சுத்தி வந்துச்சு. எல்லாம் பார்த்தேன். எழுதப் பேனாவைக்கூட எடுத்துட்டேன்." அவர் நின்று மூச்சு விட்டார். "திரும்பத் திரும்பக் குடிச்சுப் பார்த்தேன். மூணும் ஒண்ணாத்தான் இருக்கு. நாக்குல இல்லாததை எப்படி இருக்குன்னு எழுதுறது?"

வேலை போனாலும் போகட்டும் என்று அந்த நொடியில் அவளுக்கு மெய்யாகவே தோன்றியது. ஆனால் பெட்டிப் பிரிவின் வாசல் பக்கத்திலேயே இருந்தது, அங்கே பசைவாளியோடு ஒருவர் போய்க்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் பெட்டி சார் என்று அவர் சொன்னது மறுபடி ஞாபகம் வந்தது.

ஆய்வக மேலாளரம்மா தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். கலைந்துகொண்டிருந்தவர்களைக் கைதட்டி நிறுத்தினார். அவர் சிரிக்கவில்லை.

"கடைசிச் சுத்துல மூணு கப்பும் ஒரே பாத்திரத்துல இருந்து ஊத்தினது. யார் நாக்கைக் கேட்கிறீங்க, யார் பக்கத்து முகத்தைக் கேட்கிறீங்கன்னு பார்க்கத்தான் வெச்சேன். பத்துப் பேர்ல ஒருத்தர்தான் நாக்கைக் கேட்டிருக்காரு." நாக்கு சார் பக்கம் திரும்பினார். "உங்க மேலதான் எனக்குச் சந்தேகமே இருந்துச்சு சார். மத்த சுத்துல ஒண்ணு ரெண்டு தப்புதான், பரவாயில்லை. நாளைக்கு வந்து உங்க இடத்துல உட்காருங்க."

மூக்கர் தன் மூக்கைத் தானே சுண்டிக்கொண்டார். குடையக்கா நடு ரோட்டில் நிற்கிறோம் என்பதையும் மறந்து கணவரின் தோளில் இரண்டு அடி போட்டாள், அப்புறம் ஓவென்று அழுதாள். பசைவாளிக்காரர் நின்று வேடிக்கை பார்த்தார்.

பேருந்துக்குக் காத்திருக்கும்போது, அழுகை ஓய்ந்ததும், அவளுக்கு வழக்கம் போல ஒரு கேள்வி வந்தது.

"அது சரிங்க. உங்க கம்பெனி சூப்பு, இப்ப குடிக்கும்போது எப்படித்தான் இருந்துச்சு?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார்.

"உப்புத் தண்ணியில பழைய மாவைக் கரைச்ச மாதிரி இருந்துச்சு. அட்டையில ஆறு காய் படம் போட்டிருக்கான், ஒரு காய்கூட நாக்குல படலை. இதைப் போயா இத்தனை வருஷம் நல்லா இருக்குன்னு எழுதிக்கிட்டு இருந்தேன்?"

"நாளைக்கு அதையும் எழுதுங்க."

"எழுதினா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களே."

"தூக்கட்டும்" என்றாள் குடையக்கா. "நாற்காலிதானே அவங்களோடது? நாக்கு நம்ம வீட்டுக்குத்தானே வரும்."